எல்லைப்புறத்தில் வண்டியில் செல்லும் களப்பணியாளருக்கு

தமிழ்நாடு–கேரள எல்லையின் இரு பக்கமும் உள்ள பொள்ளாச்சி, ஆனைமலை, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கஞ்சிக்கோடு ஆகிய ஊர்களைச் சுற்றிப் பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களை நேரில் சந்தித்து, ஆணுறை கொடுத்து, பரிசோதனைக்கு வரச்செய்யும் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இது எழுதப்படுகிறது. எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களின் பயிற்சி வகுப்புகளில் நோயைப் பற்றியும் பதிவேடுகளைப் பற்றியும் விரிவாகச் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பெண் குடியிருக்கும் தெருவுக்குள் மோட்டார் சைக்கிளில் எப்படிப் போவது, எங்கே நிறுத்துவது, பையில் எதை எப்படி வைப்பது என்பதெல்லாம் வகுப்புக்கு வெளியே, மூத்த பணியாளர் ஒருவரின் பின்னால் அலைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முன்பு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. வாளையார் வணிகவரிச் சோதனைச் சாவடியில் சரக்கு லாரிகள் மணிக்கணக்காக வரிசையில் நின்ற காலத்தில், ஓட்டுநர்களும் அவர்களைத் தேடி வரும் பெண்களும் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்ததாகவே இருந்தது. களப்பணியாளர் அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால் பலரையும் பார்த்துவிடலாம். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்து அந்தச் சாவடியின் வேலை முடிந்தபோது வரிசையும் கலைந்தது. அதே ஆண்டுகளில் கைபேசி எல்லோர் கைக்கும் வந்துவிட்டதால், சந்திப்புகள் வாடகை வீட்டுக்கும் விடுதி அறைக்கும் தோப்பை ஒட்டிய ஒற்றை வீட்டுக்கும் நகர்ந்துவிட்டன. தங்களை எஸ்கார்ட் என்று சொல்லிக்கொண்டு, தொலைபேசியில் நேரம் குறித்து, வெவ்வேறு ஊர்களுக்குச் சென்று வரும் பெண்கள் பொது இடத்தில் நிற்பதே இல்லை. ஆகவே ஒவ்வொருவரையும் அவரவர் இருக்கும் இடத்துக்கே தனித்தனியாகத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. தேடி வருகிறவரைவிட அவருடைய வண்டிதான் முதலில் தெருவின் கண்ணில் படுகிறது.

இப்பெண்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்தாருக்கு வேறொருவராக அறிமுகமானவர்கள்: மில் வேலைக்குப் போகிறவர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறவர், கணவர் வெளியூரில் இருப்பவர். நீங்கள் வந்து பத்து நிமிடம் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து வரும் கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வண்டி, நேரம், பை, தொலைபேசி என்று எதைத் தீர்மானிக்கும்போதும், நாம் போன பிறகு அவர் என்ன சொல்லிச் சமாளிப்பார் என்ற ஒரே கேள்வியை வைத்துத் தீர்மானித்தால் பெரும்பாலான தவறுகள் தாமாகவே விலகிவிடும்.

வண்டி

நூறு முதல் நூற்றிருபத்தைந்து சி.சி. வரையிலான சாதாரண வண்டி போதும். பால்காரர், சீட்டுப் பணம் வசூலிப்பவர், தேங்காய் வியாபாரி ஆகியோர் ஓட்டும் வண்டி எதுவோ அதுவே நமக்கும் ஏற்றது. சைலன்சரை மாற்றி உறுமலைக் கூட்டிய வண்டியை இந்த வேலைக்கு எடுத்துவரவே கூடாது. அது சட்டப்படியும் தவறு. தொண்டு நிறுவனத்தின் பெயர், எய்ட்ஸைக் குறிக்கும் சிவப்பு ரிப்பன் சின்னம், விழிப்புணர்வு வாசகம் ஆகியவற்றை வண்டியில் ஒட்டிக்கொள்வது நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் பெரும் தீங்கு. அந்தச் சின்னம் நிற்கும் வாசல் எது என்பதை ஊரே குறித்துக்கொள்ளும்.

எண் பலகையும் பேசும். கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் பொள்ளாச்சியின் ‘டி.என். 41’ வண்டியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், ஏனென்றால் அங்கே பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். சம்பந்தமும் சந்தையும் இரு பக்கமும் உண்டு. அதே வண்டி சித்தூரைத் தாண்டி ஏதோ ஓர் உள்கிராமத்துக்கு வாரம் தவறாமல் வந்தால் மூன்றாவது வாரமே யாருடையது என்று விசாரணை தொடங்கிவிடும். அத்தகைய ஊர்களுக்கு அந்தப் பக்கத்துப் பணியாளரை அனுப்புவதோ பேருந்தில் செல்வதோ நல்லது. எண் பலகையில் சேறு பூசி மறைப்பது, மடக்கி வைப்பது போன்ற வேலைகள் சந்தேகத்தையும் அபராதத்தையும் ஒருசேரக் கொண்டுவரும்.

இரவல் வண்டியைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. கேரளத்தில் போக்குவரத்து விதிமீறலைப் பிடிக்கும் 726 செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை வைத்து 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். பின்னால் அமர்ந்தவர் தலைக்கவசம் அணியாவிட்டாலும் அந்தக் கேமரா படம் எடுத்துவிடும். இடமும் நேரமும் குறித்த அபராத அறிவிப்பு, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குப் போகும். மச்சானின் வண்டியை வாங்கிக்கொண்டு போனால், நீங்கள் எந்த ஊரில் எத்தனை மணிக்கு இருந்தீர்கள் என்பது மச்சான் வீட்டில் பேச்சாகிவிடும். உங்கள் பெயரிலேயே வண்டி இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை டிஜிலாக்கரில் இருந்தாலும் போதும்.

தலைக்கவசம் வழியெல்லாம் தலையில் இருக்கட்டும், ஆனால் தெருமுனைக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். முகம் தெரியாத ஒருவர் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அதைப் பார்க்காதவர் இருக்கமாட்டார்.

பையும் வெயிலும்

புதியவர்கள் அதிகம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆணுறை லேட்டக்ஸ் என்ற ரப்பர் பாலால் ஆனது. வெப்பமும் வெயிலும் எண்ணெயும் அதற்குப் பகை. மார்ச் முதல் மே வரை பாலக்காட்டில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு, பொள்ளாச்சிப் பக்கம் சற்றே குறைவு. அந்த வெயிலில் நிறுத்திய வண்டியின் பக்கவாட்டுப் பெட்டிக்குள்ளும், ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியிலும், இயந்திரச் சூடு ஏறும் டேங்க் பையிலும் மணிக்கணக்கில் கிடந்த ஆணுறை, உறை கிழியாமல் பார்வைக்குப் புதிதாகவே இருந்தாலும் பயன்படுத்தும்போது கிழியக்கூடும். பாதுகாப்பு என்று நம்பி வாங்கிக்கொண்ட பெண்ணுக்கு அதைவிடப் பெரிய துரோகம் இல்லை. எனவே அன்றைய தேவைக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொண்டு, தோளில் மாட்டும் துணிப்பையில், உங்கள் உடம்போடு, நிழலுக்கு நிழல் கொண்டு செல்லுங்கள். பெட்ரோல் கேன், செயின் கிரீஸ், துடைக்கும் துணி ஆகியவற்றோடு ஒரே பையில் வைக்க வேண்டாம்.

எண்ணெய் பற்றிச் சொல்லும்போதே அந்தப் பெண்களிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் வீட்டில் கைக்கு எட்டும் தூரத்தில் தேங்காய் எண்ணெய் இருக்கும். அதை வழுக்குதலுக்குப் பயன்படுத்தினால் லேட்டக்ஸ் சீக்கிரமே வலுவிழந்துவிடும். எண்ணெய் இல்லாத, நீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்குக் களிம்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதை ஒவ்வொரு சந்திப்பிலும், சலிப்பில்லாமல் சொல்லுங்கள்.

விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுக்கும் பரிசோதனைக் கருவிகளைப் பொதுவாக 2 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். கோடையில் குளிர்ப்பொதிகள் வைத்த காப்புப் பெட்டி இல்லாமல் அவற்றை வண்டியில் எடுத்துச் செல்வது வீண். காப்புப் பெட்டி பளிச்சென்று தெரியும் பொருள் என்பதால் காய்கறிக் கட்டைப்பைக்குள் அதை வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். பால்வினை நோய்களுக்கான மருந்துகள் நோய்க்குறிக்கு ஏற்பச் சாம்பல், பச்சை, வெள்ளை என்று நிறம் பிரித்த பெட்டிகளில் வருகின்றன. அவை மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. தெருவில் வண்டியின் மேல் வைத்துக் கைமாற்றக் கூடாது.

நேரமும் வழியும்

மாலையும் முன்னிரவும் அவர்களுடைய வருமான நேரம், காலை எட்டு மணிக்குக் குழந்தைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் போனால் பேச ஓய்வும் இருக்கும், தெருவிலும் ஆண்கள் குறைவாக இருப்பார்கள். ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் போவதை வழக்கமாக்காதீர்கள். பொள்ளாச்சியில் வியாழக்கிழமைச் சந்தை கூடும்போதும், ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு அமாவாசைக் கூட்டம் வரும்போதும் சாலையெங்கும் வெளியூர் வண்டிகள் நிறைந்திருக்கும். ஒரு பெண்ணைப் பொது இடத்தில் சந்தித்து ஐந்து நிமிடம் பேச அத்தகைய நாட்களைவிட வசதியானது கிடையாது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தாதீர்கள். ஆரம்பச் சுகாதார நிலையம், ரேஷன் கடை, பேக்கரி என்று பத்து வண்டிகள் நிற்கும் இடத்தில் விட்டுவிட்டு நடந்து செல்லுங்கள். நடந்து வருகிறவரை ஊர் அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லை.

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் இடைவெளி என்பதால், தென்மேற்குப் பருவத்தில் காற்று முழுவேகத்தோடு அதன் வழியே கிழக்கே பாய்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கோபாலபுரம், வேலந்தாவளம் சாலைகளில் பக்கவாட்டுக் காற்று எடை குறைந்த வண்டியைத் தள்ளும். லாரியின் மறைவில் ஓடிவிட்டு அதை முந்தி வெளிவரும் கணத்தில்தான் அந்தத் தள்ளல் திடீரென்று தெரியும். வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கால்களால் டேங்க்கை அணைத்து ஓட்டுங்கள். வாளையார், கஞ்சிக்கோடு, மலம்புழா வட்டாரத்தில் யானைகள் சாலையைக் கடக்கும் என்பதால் இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுவது கட்டாயம். அதற்குள் முடியாத சந்திப்பை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.

தொலைபேசி

போவதற்கு முன் ஒரு முறை மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, அவர் திருப்பி அழைக்கும் வரை காத்திருங்கள். அவர் தனியாக இருக்கிறார் என்பதை அந்த அழைப்பே சொல்லிவிடும். வேறு யாராவது எடுத்தால் தவறான எண் என்று சொல்லி வைத்துவிடுங்கள். மகளிர் குழுவிலிருந்து பேசுகிறேன், குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் குழுவிலிருந்து பேசுகிறேன் என்று கதை கட்டாதீர்கள், உண்மையான குழுக்காரர்கள் அடுத்த தெருவிலேயே இருப்பார்கள். எழுதி அனுப்பும் செய்தியில் எச்.ஐ.வி., பரிசோதனை, ஆணுறை என்ற சொற்கள் எதுவும் வேண்டாம். ‘நாளை பதினொன்று, பழைய இடம்’ என்பது போதும். அவருடைய எண்ணைப் பெயர் போடாமல், திட்டத்தில் அவருக்கு உள்ள குறியீட்டு எண்ணால் சேமியுங்கள். உங்கள் கைபேசி தொலைந்து வேறொருவர் கையில் கிடைத்தாலும் அதிலிருந்து ஒரு பெண்ணின் தொழில் தெரியக் கூடாது. விடுதியில் தங்கியிருக்கும் எஸ்கார்ட் பெண்களைப் பொறுத்தவரை, அறைக்குப் போகாமல் வெளியே ஓர் உணவகத்தில் சந்திப்பதுதான் இருவருக்கும் நல்லது. விடுதிப் பதிவேட்டில் உங்கள் பெயரும் கேமராவில் உங்கள் முகமும் பதிவாவது பின்னாளில் அவருக்கு எதிராகத் திரும்பக்கூடும்.

சோதனைச் சாவடியும் சட்டமும்

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஆகிய வழிகளில் கேரள கலால் துறையினர் சாராயத்துக்கும் கஞ்சாவுக்குமாகப் பையைத் திறந்து பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை இருப்பதால் சித்தூர் வட்டாரத்துக் கள்ளுக்கடைகளுக்குப் போய்த் திரும்புகிறவர்களை இந்தப் பக்கத்துக் காவலர்களும் நிறுத்துவார்கள். பையில் நூறு ஆணுறை இருப்பதைக் கண்டு கேலியாகச் சிரிக்கிறவரிடம் கோபப்படாமல், அடையாள அட்டையையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய பணி ஆணைக் கடிதத்தையும் காட்டுங்கள். பதிவேடு மட்டும் பையில் இருக்கவே கூடாது. அன்றைக்குப் பார்க்க வேண்டியவர்களின் குறியீட்டு எண்கள் எழுதிய ஒரு துண்டுத் தாள் போதுமானது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதன்படி ஒருவருடைய தொற்று நிலையை அவருடைய ஒப்புதல் இல்லாமல் நீங்கள் யாரிடமும் வெளிப்படுத்தக் கூடாது.

உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று பிறப்பித்த உத்தரவில், பாலியல் தொழிலாளர்களைக் காவல்துறை கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்றும், ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்கான சான்றாகக் கொள்ளக் கூடாது என்றும் கூறப்பட்டிருக்கிறது. இதன் சுருக்கத்தை ஒரு தாளில் வைத்திருங்கள். பல சாவடிகளில் அது பேச்சைச் சுருக்கிவிடும்.

உங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டம். வயது வந்த பெண் தன் விருப்பத்தில் பாலியல் தொழில் செய்வதை அந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை. பாலியல் தொழிலுக்கான விடுதி நடத்துவது, ஆள் பிடித்துக் கொடுப்பது, அந்த வருமானத்தில் வாழ்வது, பொது இடத்தில் அழைப்பது போன்றவை குற்றங்கள். தொழிலில் இருக்கும் பெண்ணோடு வழக்கமாகக் கூடவே காணப்படுகிறவர் அவருடைய வருமானத்தில் வாழ்கிறார் என்று, மறுத்து நிரூபிக்கும் வரை அனுமானிக்க அதன் நான்காம் பிரிவு இடம் தருகிறது. பணி ஆணைக் கடிதமும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே தெரிவித்திருப்பதும் ஏன் தேவை என்பது இதிலிருந்து விளங்கும். வாடிக்கையாளர் சொன்ன செய்தியை அந்தப் பெண்ணிடம் சேர்ப்பது, பணம் வாங்கிக் கொடுப்பது, வழியில்தானே என்று அவரை ஒரு விடுதி வாசலில் இறக்கிவிடுவது ஆகிய மூன்றையும் எந்த நட்புக்காகவும் செய்யாதீர்கள்.

பின்னால் ஏற்றிக்கொள்வது பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பரிசோதனைக்குப் போகப் பேருந்துக் கட்டணமோ ஆட்டோவோ ஏற்பாடு செய்யுங்கள், வண்டியில் ஏற்றாதீர்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. வன்புணர்வுக்கு உள்ளான பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும். அந்த வேளையில் வேறு வாகனம் இல்லாவிட்டால் அவருக்கும் ஒரு தலைக்கவசம் கொடுத்து நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள், பழகிய சக பெண் ஒருவரையும் அங்கே வரச்சொல்லுங்கள்.

சந்திப்பு

கொழிஞ்சாம்பாறை வரை ‘அக்கா, நல்லா இருக்கீங்களா’ என்று தொடங்கலாம். சித்தூரைத் தாண்டினால் ‘சேச்சி’ என்று அழைப்பது இயல்பு. வயதில் இளையவராக இருந்தாலும் ஒருமையில் பேசாதீர்கள். வாடிக்கையாளரோ தரகரோ வீட்டில் இருந்தால் முகவரி கேட்க வந்தவரைப் போல இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் தொழிலில் இருப்பதாகத் தெரிந்தால் இரகசியம் காப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கடமை, குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பால்வினை நோய்க்கான மருத்துவச் சோதனை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகள் என்பது முறை. விரல் நுனிப் பரிசோதனை முதல் வடிகட்டல் மட்டுமே. அதில் தொற்று இருப்பதாகக் காட்டினால் அரசுப் பரிசோதனை மையத்தில் வெவ்வேறு கருவிகளால் உறுதி செய்த பிறகுதான் முடிவு. வாசலில் நின்றுகொண்டோ தொலைபேசியிலோ முடிவைச் சொல்லக் கூடாது. எல்லையில் வாழ்கிற பெண்களுக்கு எந்த மையம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் உண்டு. எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் மையத்தைத் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்றும் கேரளத்தில் ஜோதிஸ் என்றும் சொல்கிறார்கள், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து கொடுக்கும் மையம் அங்கே உஷஸ், பால்வினை நோய்ச் சிகிச்சை மையம் புலரி. தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்பதற்காகப் பொள்ளாச்சிக்காரர் பாலக்காட்டுக்கும், சித்தூர்க்காரர் கோயம்புத்தூருக்கும் போவது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் மருந்து வாங்கும் மையத்தை மாற்றிக்கொள்ளும்போது மாறுதல் கடிதம் வாங்காமல் விட்டால் இடையில் மருந்து நின்றுபோகும், ஆகவே அந்தக் கடிதத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கச் செய்யுங்கள். நீங்கள் வர முடியாத நாளில் விவரம் கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.

திரும்பியதும் குத்தூசிகளைத் துளைக்க முடியாத வெள்ளைக் கொள்கலனில் போட்டு மருத்துவமனையில் ஒப்படையுங்கள். வண்டிப் பெட்டியில் அவை ஓரிரவு கூடக் கிடக்கக் கூடாது. துண்டுத் தாளில் குறித்தவற்றை அலுவலகப் பதிவேட்டில் குறியீட்டு எண்ணோடு ஏற்றிவிட்டுத் தாளைக் கிழித்துப் போடுங்கள், கைபேசியில் அன்றைய அழைப்புப் பட்டியலையும் அழித்துவிடுங்கள்.